அலமாரிக்குள் ஒரு வெயில்

கௌசிகன் எழுந்தான். போர்வையை மடித்தான். வீட்டிலிருந்த எல்லா ஜன்னல்களையும் திறந்தான். ஆக்லாந்தின் ஜூலை மாதக் குளிர் உள்ளே வந்து தனக்குப் பிடித்த இடங்களில் உட்கார்ந்துகொண்டது. கெட்டிலைப் போட்டான். பல் தேய்த்தான். ஜாக்கெட்டுக்கு மேல் இன்னொரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பாணில் வெண்ணெய் தடவினான். வெண்ணெய் கல்லாக இருந்தது; பாண் கிழிந்தது. கிழிந்ததைச் சாப்பிட்டான்.

சமையலறை ஜன்னலோரம் கறிவேப்பிலைச் செடி நின்றது. குளிர்காலத்தில் அதற்குத் தண்ணீர் அதிகம் ஊற்றக்கூடாது என்று மனைவி நிருஜா சொல்லியிருந்தாள். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே தினமும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பான். இன்றும் தொட்டான். ஈரமாகத்தான் இருந்தது.

பிறகு கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த ஹீட்டர் அலமாரியைக் கடந்து போனான். அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதுவும் காலை வேலைகளில் ஒன்றுதான்.

வாசலில் யாரோ தட்டினார்கள். தட்டிய விதத்திலேயே ஆள் தெரிந்தது. தாளம் போட்டுத் தட்டுகிறவள் ஆக்லாந்தில் ஒருத்திதான்.

“சார், நான் உள்ளே வர்றதா, நீங்க வெளியே வர்றதா? குளிரை வெச்சுப் பார்த்தா எது வீடு, எது தெருன்னு தெரியல.”

மஹதி. மதுரைக்காரி. கம்ப்யூட்டர் படிக்க வந்து, படித்து முடித்து, சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ‘கௌசிகன் துப்பறியும் நிறுவன’த்தில் உதவியாளராக ஒட்டிக்கொண்டவள். நிறுவனம் என்றால் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, கீழேயிருந்து வருகிற பெருங்காய வாசனை.

“இட்லி கொண்டாந்திருக்கேன். சாப்பிடுங்கோ கண்டியளோ.”

“அப்பிடி ஒருத்தரும் கதைக்கிறேல்லை.”

“யாழ்ப்பாணத்துல பேசுவாங்கன்னு நினைச்சேன்.”

“யாழ்ப்பாணம் உம்மைக் கேட்டா ஊரை விட்டு ஓடிப்போம்.”

முன்பு இப்படி அவள் கண்டியளோ போடும்போதெல்லாம் நிருஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். “இன்னொருக்கா சொல்லும், இன்னொருக்கா சொல்லும்” என்பாள். இப்போது சுவர் மட்டும் இருந்தது. மஹதியும் அதைக் கவனித்துவிட்டாள்போல. இட்லிப் பெட்டியைத் திறப்பதில் தேவைக்கு மேல் கவனமாக இருந்தாள்.

“சார், இன்னிக்குச் சனிக்கிழமை.”

“தெரியும்.”

“திங்கட்கிழமை கொரோனரோட மரண விசாரணை.”

“அதுவும் தெரியும்.”

“அப்ப எப்ப சார் ஆரம்பிக்கப் போறோம்?”

அவன் இட்லியைப் பிட்டான். புக்கெகோஹித் தோட்டத்து வெங்காயத்தைத் திருடியவன் யார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த கௌசிகனுக்கு, தன் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கத் துணிவில்லை. காரணம் எளியது. அதற்குள் என்ன பதில் இருக்கும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் அந்த வெங்காய வழக்குக்காக மஹதியோடு புக்கெகோஹி போயிருந்தான். பொழுதுபடும் நேரம், கொட்டகைக்கு எதிரே காருக்குள் காத்திருந்தபோது நிருஜா அழைத்தாள். கார் ஸ்பீக்கரில் அவள் குரல். பாதிப் பேச்சில் திருடனின் லாரி வந்தது. அவன் கதவைத் திறந்து இறங்கி ஓடினான். திரும்பி வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது. திருடனைப் பிடித்தார்கள். மற்ற வேலைகள் முடிந்து விடிந்தபின் வீட்டுக்கு வந்தான். நிருஜா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எழுப்பினான்.

முதலில் இதயம் என்றார்கள். செத்த வீட்டு நாட்களில் ஹீட்டரை யாரும் போடவில்லை. சில நாள் கழித்து, இரத்தத்தில் நச்சுக்காற்று என்றார்கள். கார்பன் மொனாக்சைட். ஹீட்டர். அதன்பிறகுதான் ஆட்கள் வந்து அலமாரியைத் திறந்தார்கள். திறந்ததும் போலீசின் குரல் மாறிவிட்டது.

அலமாரிக் கதவின் காற்றுவழிகள் உட்புறமாக மூடப்பட்டு, சுற்றிலும் டேப் ஒட்டப்பட்டிருந்தன. புகைக்கும் நச்சுக்காற்றுக்கும் சேர்த்து வைத்திருந்த அலாரம் கூரையில் இல்லை. சமையலறை லாச்சியை இழுத்தபோது, உள்ளே துவாயில் சுற்றிக் கிடந்தது. மார்ச் மாதத்தில் அவர்களுக்கு ஒரு குழந்தை கருவில் நான்காம் மாதத்திலேயே இல்லாமல் போயிருந்தது. அதன்பின் நிருஜா ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அவள் கெமிஸ்ட்ரி படித்தவள்.

நான்கையும் கூட்டினால் போலீஸ் எந்த விடைக்கு வரும் என்று கௌசிகனுக்குத் தெரியும். அவனே அவர்கள் இடத்தில் இருந்தால் அதே விடைக்குத்தான் வந்திருப்பான். திங்கட்கிழமை ஒருவர் ஆங்கிலத்தில், மரியாதையாக, அதைச் சொல்லப்போகிறார்: அவளாகவே போனாள்.

அவள் போய்விட்டாள் என்பதோடு எப்படியோ பழகிவிடலாம். போக வேண்டும் என்று அவள் நினைத்தாளா? அதுதான். அந்த ஒன்றுதான்.

“அவள் கடைசியாச் சொன்னது ‘கவனமா வாங்கோ’” என்றான் கௌசிகன், இட்லியைப் பார்த்தபடி. “சாகப் போறவள் அப்பிடிச் சொல்லுவாளோ?”

போலீசிடமும் அதைத்தான் சொல்லியிருந்தான். செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தான். மஹதி எப்போதும்போல அந்த இடத்தில் மட்டும் எதுவும் பேசவில்லை. எழுந்து கையைத் துடைத்தாள்.

“அலமாரியைத் திறங்க சார். இல்ல, நான் திறக்கட்டுமா?”

*

மஹதிதான் திறந்தாள்.

உள்ளே ஆள் உயரத்துக்குத் தகரப்பெட்டி. அதன் தலையிலிருந்து புகைக்குழாய் கூரைக்குப் போனது. எரிவாயு ஹீட்டர். அதன் வயிற்றில் சிவப்பு அட்டை கட்டித் தொங்கியது: பாவிக்கக் கூடாது. பெட்டிக்குப் பக்கத்தில் மரச்சட்டங்கள் அடித்த ஒரு பலகை அடுக்கு. கதவின் மேலே ஒரு கம்பி வலை, கீழே ஒரு கம்பி வலை. கீழ் வலையை மூடியிருந்ததைப் போலீஸ் பிரித்துக்கொண்டு போயிருந்தது. மேலே பிளாஸ்டிக் தாளும் பழுப்பு டேப்பும் அப்படியே இருந்தன.

“இந்த வலை எதுக்கு சார்? அழகுக்கா?”

“மூச்சுக்கு.” கௌசிகன் சுவரில் சாய்ந்து நின்றான். “இந்த மாடல் ஹீட்டர் வெளியிலையிருந்து காத்து எடுக்கிறேல்லை. வீட்டுக்குள்ளை இருக்கிற காத்தைத்தான் எடுக்கும். அலமாரி சின்னன். அதிலை இருக்கிற காத்து நெருப்புக்குக் காணாது. அதாலை மேலை ஒரு வழி, கீழை ஒரு வழி. ரெண்டையும் அடைச்சா நெருப்பு மூச்சுத் திணறும். நீலமா எரியிறது மஞ்சளா எரியும். குழாயாலை மேலை போற புகையும் போகாமல் அலமாரிக்குள்ளையே இறங்கும். பிறகு ஹீட்டரின்ரை காத்தாடி அதையும் சேர்த்து இழுத்துப் படுக்கையறைக்குள்ளை ஊதும். மணமில்லை. நிறமில்லை. நித்திரை வரும்.”

ஒரே மூச்சில் சொன்னான். ஒரு மாதமாக இதை மட்டுமே படித்திருந்தான்.

மஹதி கதவைத் திருப்பி அதன் உட்பக்கத்தைப் பார்த்தாள்.

“சார், தப்பா நினைக்காதீங்க. சாகணும்னு நினைக்கிற ஆளு படுக்கையறை ஜன்னல் இடுக்கை அடைப்பாங்க. கதவுக்கு அடியில துணி வைப்பாங்க. இங்க அப்படி ஏதாச்சும் இருந்துச்சா?”

“இல்லை.”

“ஆனா அலமாரியை மட்டும் உள்பக்கமா அடைச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள ஏதோ வரட்டும்னு ஒட்டின டேப் இல்ல சார் இது. அலமாரிக்குள்ள இருந்து ஏதோ வெளிய வந்துடக் கூடாதுன்னு ஒட்டினது.”

“கெமிஸ்ட்ரி படிச்சவளுக்கு என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சிருக்கும் எண்டு பொலிஸ் சொல்லுது.”

“நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சவ. என் ரூம்ல வைஃபை செத்து ஒரு வாரம் ஆச்சு. படிச்சதை எல்லாம் வீட்டுல யாரு சார் ஞாபகம் வெச்சுக்கறா?” அவள் தலையை அலமாரிக்குள் நீட்டினாள். “சரி, அலாரத்தை ஏன் கழட்டினாங்க?”

“தாளிக்கேக்கை கத்தும். கழட்டி லாச்சிக்குள்ளை போடுவாள். பிறகு மாட்டுவாள். அதையும் பொலிசுக்குச் சொன்னனான். தலையாட்டிச்சினம்.”

“அவங்க வீட்டுல கடுகு வெடிச்சிருந்தாத்தானே புரியும். எங்க வீட்டுல அலாரம் அடிச்சாத்தான் தாளிப்பு பதம்னு அர்த்த...”

வாக்கியத்தை முடிக்கவில்லை. தும்மினாள். மறுபடி தும்மினாள். கண்ணில் நீர் வந்தது.

“தூசி” என்றான் கௌசிகன்.

“தூசிக்கு நான் ஒரு தும்மல்தான் சார் போடுவேன். இது வேற ஜாதித் தும்மல்.”

அவன் முதல்முறையாகச் சுவரை விட்டு நகர்ந்தான்.

பலகை அடுக்கில் வெள்ளையாக ஒரு வட்டம் படிந்திருந்தது. அகலமான வட்டம். ஏதோ ஒரு பாத்திரத்தின் அடியிலிருந்து கசிந்து காய்ந்த வட்டம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. உப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு.

மஹதி அவன் முகத்தைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

அவன் கைவிளக்கை எடுத்து மேல் வலைக்குப் பிடித்தான். டேப்பின் ஒரு மூலை சற்றே புடைத்திருந்தது. நகத்தால் மெல்ல உரித்தான். டேப்புக்கும் மரத்துக்கும் நடுவே, பசையில் அழுந்தியபடி, மஞ்சள் நிறத்தில் தட்டையாக ஒரு விதை.

“மிளகாய் விதை” என்றான்.

“கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு இருக்கு சார்.”

“டேப்புக்கு மேலை இல்லை. கீழை.” அவன் குரலில் பழைய கௌசிகன் எட்டிப் பார்த்தான். “டேப்பைக் கிழிக்கேக்கையே அவளின்ரை விரலிலை விதை ஒட்டியிருந்திருக்கு. முதல் மிளகாய். பிறகுதான் டேப். மிளகாயைக் கீறிப்போட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வந்து ஒட்டியிருக்கிறாள்.”

“சாகப்போறவங்க மிளகாய் கீறிட்டு இருப்பாங்களா சார்?”

உப்பு. புளிப்பு. கீறிய மிளகாய்.

அவனுக்கு ஒரு சாக்கு நினைவுக்கு வந்தது. வெங்காய வழக்கைத் தந்த தோட்டக்காரருக்கு வெறுங்கையோடு ஆளை அனுப்பத் தெரியாது. மே மாதக் கடைசியில், பருவம் முடிகிற பச்சைமிளகாயை ஒரு சாக்கில் கட்டிக் காரில் போட்டார். கௌசிகன் அதைக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் வைத்தான். “இவ்வளவையும் என்ன செய்யிறது?” என்று நிருஜா கேட்டாள். அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே, “மோர்மிளகாய் சாப்பிட்டு எவ்வளவு காலம்” என்று சொன்னான். கேட்கவில்லை. சும்மா சொன்னான். அதோடு மறந்தும் போனான்.

“மோர்மிளகாய்” என்றான் இப்போது. “உப்புத் தயிரிலை ஊறப்போட்டு, வெயிலிலை காயவைச்சு, திரும்ப ஊறப்போட்டு, திரும்பக் காயவைச்சு... ஜூன் மாசம் இங்கை எங்கை வெயில்? இதுதான் அவளின்ரை வெயில்.”

அலமாரி இருட்டாக, குளிராக இருந்தது.

“சந்தோஷப்பட இன்னும் நேரம் ஆகல சார்” என்றாள் மஹதி மெதுவாக. “போலீஸ் பார்த்தப்ப அலமாரி காலி. ரெண்டு விதையையும் ஒரு வட்டத்தையும் கொண்டுபோய்க் காட்டினா, எப்பவோ சிந்தினதும்பாங்க. அங்க வெச்சிருந்த பாத்திரம் எங்க? அதுல இருந்த மிளகாய் எங்க?”

அவன் சமையலறைக்குப் போனான். பாத்திர அடுக்கைப் பார்த்தான். நிருஜாவின் அகன்ற எவர்சில்வர் தட்டு இல்லை. அது இல்லாமல்போனது இத்தனை நாளும் அவன் கண்ணில் படவில்லை. அவனுக்கு ஒரு கோப்பையும் ஒரு கத்தியும் போதுமாக இருந்தன.

“செத்த வீட்டன்று சமையலறையை ஆர் துப்புரவாக்கினது?” என்று தனக்குத்தானே கேட்டான்.

“கௌரி அக்கா” என்றாள் மஹதி உடனே. “மத்தவங்க எல்லாம் உங்க பக்கத்துல இருந்தாங்க. அவங்க மட்டும் அழுதுகிட்டே பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க. நான் துடைச்சு வெச்சேன்.”

“நல்ல மனுசி.”

“நல்ல மனுஷிதான் சார். நிருஜா அக்காவுக்கு இந்த ஊர்ல கூடப்பிறந்தவங்க மாதிரி. ஆனா முப்பத்தொண்ணாம் நாள் சடங்குக்கு வரலையே? காய்ச்சல்னாங்க. அதுக்கப்புறமும் வரல. ஒரு ஃபோன்கூட இல்ல. அவ்வளவு அழுதவங்க ஏன் சார் அப்படிக் காணாமப் போகணும்?”

கௌசிகன் கார்ச் சாவியை எடுத்தான். போகும்போது ஜன்னல்களை மூடவில்லை.

*

பல்மோரல் ரோடு முழுக்க மழை. எப்சம் பகுதியில் கௌரியின் வீடு பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட. மகளை அந்தப் பள்ளியில் சேர்க்கவென்றே வாடகையைக் கூட்டிக் கொடுத்து வந்த வீடு.

கதவைத் திறந்த கௌரி இவர்களைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வங்கியில் வேலை, வெளியே போகும்போது கம்பீரமாக இருப்பாள். இன்று தலை வாராமல், கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்து விரல்களை மூடியிருந்தாள்.

“வாங்கோ கௌசிகன். வரோணும் வரோணும் எண்டுதான்... காய்ச்சல் விட்டபாடில்லை.”

“பரவாயில்லை அக்கா.”

“தேத்தண்ணி போடட்டோ?”

“அக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்றாள் மஹதி. “மழையில வந்ததுல என் பம்ப்செட் ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

கௌரி நடைபாதையைக் காட்டினாள். மஹதி போனாள்.

கௌசிகன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். ஆளை வளைக்கிற கேள்விகள் அவனிடம் நிறைய உண்டு. எதையும் எடுக்க மனம் வரவில்லை.

“அக்கா, நிருஜாவின்ரை அகண்ட தட்டு உங்களிட்டையோ?”

கௌரியின் கைகள் சட்டைக்குள் இன்னும் உள்ளே போயின.

“எந்தத் தட்டு?”

“ஹீட்டர் அலமாரியிலை இருந்த தட்டு.”

நடைபாதையில் எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. பிறகு ஒரு தும்மல். பிறகு இன்னொன்று.

“பொலிஸ் என்னைக் கேட்டவை” என்றாள் கௌரி. “ஹீட்டரைத் தொட்டனீங்களோ எண்டு. நான் தொடேல்லை. ஹீட்டரை நான் தொடவே இல்லை கௌசிகன்.”

“தட்டைத் தொட்டனீங்கள்.”

அவள் தலை குனிந்தது. அப்படியே பேசினாள்.

“செத்த வீட்டிலை சமைச்சது எதையும் வைச்சிருக்கக் கூடாது, தீட்டு எண்டுதானே. துடக்கு. பிரிட்ஜிலை இருந்த கறியெல்லாம் கொட்டினன். சோத்தைக் கொட்டினன். பிறகு அலமாரியைத் திறந்தன். தட்டு நிறைய மிளகாய். பாதி காய்ஞ்சு, பாதி வெள்ளையா... பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், கொட்டுவம் எண்டு. அவள் ஒவ்வொண்டாக் கீறினவள். நுனி பிரியாமல், அளவா. கொட்ட முடியேல்லை. சமைச்சதெண்டால் துடக்கு. காய்ஞ்சதெண்டால் துடக்கில்லை. இது ரெண்டுக்கும் நடுவிலை. ஆரைக் கேக்கிறது? வீட்டை கொண்டந்து நானே காயவைச்சு முடிச்சன். உங்களிட்டைத் தருவம் எண்டுதான். அப்ப எல்லாரும் இதயம் எண்டுதானே சொன்னவை. பிறகுதான் காஸ் எண்டு...”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா.”

வாசலில் மஹதி நின்றாள். அவள் கையில் எதுவும் இல்லை. முகத்தில் விளையாட்டும் இல்லை.

“மன்னிச்சுக்கங்க அக்கா, தப்பான கதவைத் திறந்துட்டேன்” என்றாள். “உங்க வீட்டு நடையில ஒரு அலமாரி. உள்ளே கதகதன்னு இருக்கு. மேல் அடுக்குல துண்டு, சாக்ஸ். கீழ் அடுக்குல மோர்மிளகாய் வாசனை. கதவு இடுக்கெல்லாம் துணி வெச்சு அடைச்சிருக்கீங்க. நடுவுல ஒரு பெரிய வெள்ளை வெந்நீர்த் தொட்டி. அதுல நெருப்பு இல்லையே அக்கா. கரண்ட்டுதானே?”

கௌரி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கௌசிகனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் ஒளித்தது தட்டை அல்ல.

“நீங்கள்தான் சொல்லிக் குடுத்தனீங்கள்” என்றான்.

“ஓம்.” விரல்களுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “நான்தான். எத்தினை வரியமா நான் சுடுதண்ணி அலமாரியிலைதான் எல்லாம் காயவைக்கிறனான். வடகம், மிளகாய், ஒடியல்கூட. ஒண்டும் நடக்கேல்லை. அவள் சொன்னாள், எங்கடை வீட்டிலையும் ஒரு அலமாரி இருக்கு அக்கா, நல்ல சூடு எண்டு. நான் என்ன கண்டன், உள்ளுக்குள்ளை நெருப்பு எண்டு? போன முறை வாடகை வீடு பார்க்க வந்த ஏஜென்ட் கறி மணக்குது எண்டு சொன்னதாம். வெள்ளிக்கிழமை திரும்ப இன்ஸ்பெக்ஷன் எண்டு பயந்தவள். நான் சொன்னன், என்ரை அலமாரிபோல இடுக்கெல்லாத்தையும் அடைச்சு விடும், ஒரு மணமும் வராது எண்டு. நான் சொன்னன் கௌசிகன். என்ரை வாயாலை.”

கௌரி கம்பளிக் கையால் முகத்தைத் துடைத்தாள்.

அவளைத் திட்ட வேண்டும் என்று கௌசிகனுக்குத் தோன்றியது. அதற்கான சொற்களைத் தேடினான். மனதின் லாச்சி காலியாக இருந்தது. மூடினான்.

“ஒட்டேக்கை உங்களோடை கதைச்சவளோ?”

“ஃபோனைத் தோளிலை வைச்சுக்கொண்டுதான் ஒட்டினவள். சிரிச்சுக்கொண்டு. உங்களுக்குத் தெரியக்கூடாதாம். பொரிச்சுக் கொண்டந்து வைக்கேக்கை உங்கடை முகத்தைப் பார்க்கோணுமாம்.”

“சிரிச்சவளோ?”

“ஓம்.”

“வடிவாக் கேட்டனீங்களோ? சிரிச்சவளோ?”

“ஓம் கௌசிகன். சிரிச்சவள்.”

அவன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். வெளியே எலுமிச்சை மரம் ஒன்று மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தான். முதுகுப் பக்கம் மட்டும் இவர்களுக்குத் தெரிந்தது.

“அக்கா” என்றான், திரும்பாமலே. “திங்கட்கிழமை அவளாகவே போனாள் எண்டு சொல்லப் போகினம்.”

கௌரி நிமிர்ந்தாள். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முகமே சொன்னது.

“ஐயோ... நிருஜாவோ?”

“நீங்கள் வந்து சொன்னால்தான் நம்புவினம். அலமாரியைப் பற்றி. அவள் சிரிச்சதைப் பற்றி. தட்டையும் கொண்டு வாங்கோ.”

“எல்லாருக்கும் தெரிஞ்சுபோம். நான்தான் எண்டு. கோயிலிலை, ஸ்கூலிலை...”

“தெரியும்தான்.”

“உங்களுக்கு என்னிலை கோவமில்லையோ?”

யோசித்தான். உண்மையைச் சொன்னான்.

“தெரியேல்லை அக்கா. இருந்தா பிறகு வரும். திங்கட்கிழமை உங்களுக்குப் பக்கத்திலை நான் இருப்பன்.”

கௌரி உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது தலையை வாரிக் கட்டியிருந்தாள். கையில் அகன்ற தட்டு. அதன் மேல் ஒரு கண்ணாடிப் போத்தல். போத்தல் நிறைய வெளிறிச் சுருங்கிய மிளகாய்கள்.

“எத்தினை மணிக்கு எண்டு சொல்லுங்கோ” என்றாள். “வாறன்.”

*

மஹதி காரை ஓட்டினாள். கௌசிகன் மடியில் தட்டையும் தட்டின் மேல் போத்தலையும் வைத்திருந்தான். அவள் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை என்பதை அவன் பாதி வழியில்தான் கவனித்தான்.

அலுவலகத்துக்குக் கீழே, மளிகைக் கடை வாசலில் நிறுத்தினாள். “ஒரு நிமிஷம் சார்” என்று இறங்கி ஓடினாள். திரும்பி வந்தபோது மழையில் முழுக்க நனைந்திருந்தாள். கையில் வெள்ளை வாளி. தயிர். கடையில் இருக்கிறதிலேயே பெரியது. அதைக் கொண்டுவந்து அவன் காலருகே வைத்தாள்.

“என்ன இது?”

அவள் கார்க் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தாள்.

“சார், ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லல. நீங்க அன்னிக்கு லாரியைப் பார்த்து ஓடினப்ப, ஃபோன் கட் ஆகல. நிருஜா அக்கா பேசிட்டே இருந்தாங்க. நீங்க இறங்கினது அவங்களுக்குத் தெரியாது. அவங்க முடிச்சப்புறம்தான் நான் ‘சார் இறங்கிட்டாரு, சொல்லிடறேன்’னேன். சிரிச்சிட்டு வெச்சிட்டாங்க. அப்புறம் திருடன், ஓட்டம், போலீஸ்... நான் சொல்ல மறந்துட்டேன்.”

கௌசிகன் அவளை நோக்கித் திரும்பினான்.

“அவங்க ‘கவனமா வாங்கோ’ன்னு சொல்லல சார்.”

அது அவனுக்கும் தெரிந்திருந்தது. எங்கோ அடியில், எப்போதும். வழக்கமாக அவள் சொல்வது அது. அன்றும் சொல்லியிருப்பாள் என்று தானே எடுத்து வைத்துக்கொண்டது.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நீங்க எல்லார்கிட்டயும் அதைச் சொல்லிட்டு இருந்தீங்க. அதைச் சொல்லும்போது மட்டும்தான் உங்களுக்கு மூச்சு ஒழுங்கா வந்துச்சு. அதைப் பிடுங்கிட்டு இதைக் குடுக்கச் சொல்றீங்களா? இது ஒண்ணுமே இல்லாத விஷயம் சார். சோத்துக்குன்னுதான் நினைச்சேன். இன்னிக்குக் காலையில அந்த உப்பு வட்டத்தைப் பார்த்தப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா தட்டு கையில கிடைக்கிறவரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். நம்பிக்கை குடுத்துட்டு அது இல்லைன்னு ஆயிட்டா...”

கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லும்.”

“சார்...”

“அவள் சொன்ன மாதிரியே சொல்லும் மஹதி. ஒரு சொல்லும் மாத்தாமல்.”

அவள் கண்ணை மூடினாள். எப்போதும் அவள் போடுகிற கண்டியளோ இல்லை, இழுப்பு இல்லை, விளையாட்டு இல்லை. நிருஜா எங்கே மூச்சு எடுத்தாள், எங்கே அவசரப்பட்டாள் என்பது முதற்கொண்டு அப்படியே வைத்திருந்தாள்.

“தயிர் முடிஞ்சுபோச்சு. வரேக்கை பெரிய வாளியா ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, நாளைக்கும் நாளையிண்டைக்கும் காணோணும். மறந்துபோனன் எண்டு வாசலிலை வந்து நிக்காதேங்கோ, சொல்லிப்போட்டன்.”